வங்கி நேர்காணல்: 500 கேள்விகளை மூடிவைத்துவிட்டு அப்பாவின் கடன் ரசீதை எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 26. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். தக்காளியும் முருங்கையும் போடுகிறார். நான் 2021-இல் பி.இ. இசிஇ முடித்தேன். அதிலிருந்து வங்கித் தேர்வுகள்தான். நடுவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், அப்பாவுக்கு மண்டிக் கணக்கு எழுதிக்கொடுக்கிறேன். வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. நேர்காணலுக்கு இரண்டாவது முறையாக அழைப்பு வந்திருக்கிறது. சென்ற முறை இறுதிப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசத்தில் போய்விட்டது. "இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் பேங்க்?" என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன், அடுத்த கேள்வியிலேயே தடுமாறிவிட்டேன். கோச்சிங் சென்டரில் 500 கேள்வி பதில் அடங்கிய பி.டி.எஃப். தந்திருக்கிறார்கள். படிக்கப் படிக்கப் பயம்தான் ஏறுகிறது. ஆங்கிலம் எழுத வரும், பேசத் திக்குகிறது. மூன்று வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கைநழுவிப்போன அந்த ஒரு மதிப்பெண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மெயின்ஸ் எனும் முதன்மைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80:20 என்ற விகிதத்தில்தான் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். நேர்காணல் 100 மதிப்பெண்ணுக்கு நடக்கும். அங்கே கூடுதலாக வாங்கும் ஐந்து மதிப்பெண், இறுதிக் கணக்கில் ஒன்றாகச் சேரும். அப்படிப் பார்த்தால் சென்ற முறை உங்களுக்குக் குறைந்தது, நேர்காணலில் ஐந்து மதிப்பெண்கூட இல்லை. ஒரு கேள்விக்கு நிதானமாகச் சொந்தப் பதில் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். மூன்று வாரத்தில் நீங்கள் சரிசெய்ய வேண்டியது அவ்வளவுதான். அதே சமயம், நேர்காணலில் குறைந்தது 40 மதிப்பெண் எடுக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. அதற்குக் கீழே போனால் மெயின்ஸில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பயனில்லை. ஆகவே அலட்சியமும் கூடாது.

பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்த காலத்தின் பிற்பகுதியில் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். குழுவில் நான்கைந்து பேர் இருப்போம். ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் சுமார் கால் மணி. கையில் இருப்பது உங்கள் பயோடேட்டா ஒன்றுதான். பெயர், ஊர், அப்பாவின் தொழில், படிப்பு, எந்த வருடம் முடித்தீர்கள், பொழுதுபோக்கு. நீங்கள் கதவைத் திறந்து வந்து உட்காருவதற்குள் அதன் மேல் கண்ணை ஓட்டியிருப்போம். முதல் கேள்வி அதிலிருந்து வரும். இரண்டாவது கேள்வி, முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலிலிருந்து வரும். 500 கேள்வி பி.டி.எஃப். கைவிட்டுவிடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். எழுதிவைத்த பதிலுக்கு அடுத்த வரி அதில் இருக்காது.

ஆகவே அந்த பி.டி.எஃப்.பை இப்போதைக்கு மூடிவையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பயோடேட்டாவை எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒரு வங்கி அதிகாரி படித்தால் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். உங்களிடம் இருக்கும் வரிகள் எவ்வளவு வளமானவை என்பது உங்களுக்கே தெரியவில்லை. சென்னையில் வளர்ந்து கடன் ரசீதையே பார்க்காத பிள்ளைகள் புத்தகத்தில் தேடுவதெல்லாம் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

"தந்தை தொழில்: விவசாயம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். இன்று இரவே அப்பாவோடு உட்காருங்கள். பயிர்க்கடன் சொசைட்டியில் வாங்கினாரா, வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறாரா? சிட்டா, அடங்கல் தவிர வேறு என்ன கேட்டார்கள்? எத்தனை நாளில் பணம் கைக்கு வந்தது? அம்மாவின் நகை எந்த வருடம் அடகுக்குப் போனது, எப்போது திரும்பியது? மண்டியில் முன்பணம் வாங்கியது உண்டா, அதற்கு அவர்கள் வட்டி கேட்கிறார்களா, அல்லது சரக்கை அவர்களிடமே போட வேண்டும் என்ற கட்டாயமா? ரசீதுகளை வாங்கிப் பாருங்கள்.

இப்போது அந்த ரசீதுகளுக்குப் பின்னால் இருக்கும் விதிகளைப் படியுங்கள், மறக்கவே மறக்காது. உங்கள் அப்பாவின் மூன்று ஏக்கர் என்பது ஏறக்குறைய 1.2 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் வரை குறு விவசாயி, இரண்டு ஹெக்டேர் வரை சிறு விவசாயி. ஆக, உங்கள் அப்பா சிறு விவசாயி. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டும். அதில் விவசாயத்துக்கு 18, சிறு குறு விவசாயிகளுக்கு மட்டும் 10. அந்தப் பத்து சதவீதத்துக்குள் இருக்கும் ஒருவரின் மகள் நீங்கள். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவருக்கும், அப்பாவின் நிலத்தில் வைத்துப் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வித்தியாசம் குரலிலேயே தெரிந்துவிடும்.

கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆக 4 சதவீதம்தான் விழும். இந்த 3 லட்சத்தை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் நேர்காணல் நாளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். பிணையம் இல்லாமல் தரும் விவசாயக் கடனின் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. தமிழ்நாட்டில் கூட்டுறவு சொசைட்டியில் வாங்கும் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. "அப்படியானால் உங்கள் அப்பா ஏன் வங்கிக்கு வர வேண்டும்?" என்று குழுவில் ஒருவர் கேட்கலாம். நானாக இருந்தால் கட்டாயம் கேட்பேன். பதிலை அப்பாவிடம் கேட்டு வையுங்கள். அவர் சொல்லும் காரணம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நகைக்கடனைத் தனியாகத் தயார் செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளை என்றால் அந்தப் பேச்சு எழ வாய்ப்பு அதிகம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் விதிகளின் வரைவை வெளியிட்டபோது இங்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் வந்த இறுதி விதியில், வீட்டுத் தேவைகளுக்கான நகைக்கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம்; அதற்கு மேல் 5 லட்சம் வரை 80; அதையும் தாண்டினால் 75. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் இதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சின்னக் கடனுக்கு ஏன் அதிக சதவீதம், தங்கம் விலை இறங்கினால் வங்கிக்கு என்ன ஆபத்து என்ற இரண்டையும் உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் குழுவுக்கும் புரியும்.

வாராக்கடன் கேள்வி வரும். அசலோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்று எல்லாரும் சொல்வார்கள். விவசாயத்துக்கு அந்தக் கணக்கு வேறு: குறுகிய காலப் பயிரானால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிரானால் ஒரு பருவம் நிலுவை நிற்க வேண்டும். அப்பா தொழிலை விவசாயம் என்று எழுதியவர் 90 நாளோடு நிறுத்தினால் ஏமாற்றமாக இருக்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று வரும்: "தக்காளி விலை விழுந்து, விவசாயிகள் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். நீங்கள்தான் கிளை மேலாளர். என்ன செய்வீர்கள்?" "கருணையோடு நடந்துகொள்வேன்" என்றால் மதிப்பெண் விழாது. யார் நஷ்டத்தில் கட்ட முடியாதவர், யார் வேறு வருமானம் இருந்தும் கட்டாதவர் என்று நேரில் போய்ப் பார்ப்பேன். பயிர்க் காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பேன். இயற்கைப் பேரிடர் என்று அரசு அறிவித்திருந்தால் கடனை மாற்றியமைக்க வழி உண்டு, வெறும் விலைச் சரிவுக்கு அந்த வழி நேரடியாகப் பொருந்தாது. அதனால் வட்டார அலுவலகத்தைக் கேட்டு நடப்பேன் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். தன் அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவரிடம் பணப்பெட்டியை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கு வரும்.

அடுத்தது ஊர். "ஒட்டன்சத்திரத்தில் என்ன விசேஷம்?" என்று கேட்டால் காய்கறி மார்க்கெட், முருங்கை, கேரளாவுக்குப் போகும் லாரிகள் என்று சொல்வீர்கள். மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "சரி, ஒரு பூட்டுத் தொழிலாளி உங்களிடம் கடன் கேட்டு வருகிறார்" என்று பேச்சைத் திருப்புவார்கள். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் 2015-இல் தொடங்கியது. சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் 2024-இல் வந்தது. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பூட்டுத் தொழிலும் உண்டு. தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. எது நல்லது என்று கட்சி கட்டாதீர்கள். இரண்டிலும் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கே பிறந்த வங்கிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியன் வங்கி 1907, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937. ஐ.ஓ.பி.யைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் திறந்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கும். மாநில அளவிலான வங்கியாளர் குழுவைக் கூட்டுவதும் ஐ.ஓ.பி.தான். அது என்ன குழு என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

இப்போது உங்களைத் தடுக்கிய கேள்விக்கு வருகிறேன். "இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் பேங்க்?" இதைக் கேட்பவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. அவர் வங்கியிலேயே பாதிப் பேர் இன்ஜினியர்களாக இருப்பார்கள். பயிற்சி கொடுத்த பிறகு ஆறு மாதத்தில் ஐ.டி. கம்பெனிக்கு ஓடிவிடுவீர்களோ என்பதுதான் அவர் கவலை. "நாட்டுக்குச் சேவை", "வளர்ந்து வரும் துறை" என்ற பதில்களை அன்று காலையிலிருந்தே கேட்டிருப்பார். உங்கள் பதில் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும். "நான்கு வருடமாக அப்பாவுக்கு மண்டிக் கணக்கு எழுதுகிறேன். கமிஷன், சுமைகூலி, முன்பணம் எல்லாம் கழித்துக் கையில் என்ன நிற்கும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கடன் எங்களைக் காப்பாற்றியது, எது கழுத்தை நெரித்தது என்று பார்த்து வளர்ந்தேன். எங்களைப் போன்றவர்கள் வந்து நிற்கும் கவுன்ட்டரில் அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசைப்படுகிறேன். நிலையான வேலை என்பதும் ஒரு காரணம்." இது ஒரு மாதிரிதான். உங்கள் வீட்டில் நடக்காதது எதுவும் இதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நடந்ததை மட்டும் சொன்னால் எத்தனை துணைக்கேள்வி வந்தாலும் பதில் தானாக வரும்.

பாருங்கள், நான்கு வருட இடைவெளி பற்றிய பதிலும் இதற்குள்ளேயே வந்துவிட்டது. தேர்வுக்குப் படித்தேன், டியூஷன் எடுத்தேன், மண்டிக் கணக்கு பார்த்தேன். மூன்று வாக்கியம். குரலைத் தாழ்த்த வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். சிலர் பயந்துகொண்டு, வேலை பார்க்காத கம்பெனியில் பார்த்ததாகச் சொல்வார்கள். சான்று கேட்டால் அங்கேயே முடிந்துவிடும். பொழுதுபோக்கிலும் அப்படித்தான். செய்தித்தாள் வாசிப்பது என்று எழுதினால் அன்றைய தலையங்கத்தைக் கேட்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதுங்கள், அது உண்மை. "கூட்டு வட்டியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் அது உங்களுக்குக் கிடைத்த பரிசு.

இசிஇ படிப்பை அடியோடு மறந்துவிட்டுப் போகாதீர்கள். பிடித்த பாடம் இரண்டு என்று கேட்பார்கள். அந்த இரண்டின் அடிப்படை தெளிவாக இருந்தால் போதும். அதை வங்கியோடு இணைத்துப் பாருங்கள். கார்டைத் தட்டினால் பணம் போகிறதே, அது 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் என்.எஃப்.சி.; பின் இல்லாமல் 5,000 ரூபாய் வரை போகும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் யு.பி.ஐ. உண்டு, 2022-இல் வந்த யு.பி.ஐ. 123பே. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வங்கி மித்ராவிடம் உங்கள் ஊர்ப் பாட்டிமார் படும் பாடு என்ன, ரேகை தேய்ந்த கைக்கு என்ன வழி என்று நேரில் போய்ப் பாருங்கள். பொறியாளராகவும் வங்கி அதிகாரியாகவும் ஒரே நேரத்தில் பேச உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது.

ஆங்கிலம். இதில் உங்கள் பயம் அளவுக்கு மீறியது. மெயின்ஸில் ஆங்கிலத்தில் எழுதித் தேறியவர் நீங்கள்; மொழி உள்ளே இருக்கிறது, வாய்க்குப் பழக்கம் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகப் பேச வேண்டும், மனசுக்குள் பேசுவது கணக்கில் வராது. மேலே சொன்ன விஷயங்களில் ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் பேசி போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே நீண்ட வாக்கியத்தில் சிக்குகிறீர்களோ, அதை இரண்டாக உடையுங்கள். முதல் வாக்கியத்திலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள், விளக்கம் பிறகு. சின்னச் சின்ன வாக்கியம், சரியான வினைச்சொல், அவசரமில்லாத வேகம். இலக்கணம் ஓரிடத்தில் சறுக்கினால் யாரும் மதிப்பெண்ணை வெட்டுவதில்லை. சறுக்கியதை நினைத்து அடுத்த பதிலையும் கோட்டைவிடும்போதுதான் குறைகிறது. கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள். தெரியாததற்கு "தெரியாது சார்" என்று நேராகச் சொல்லுங்கள். வட்டி விகிதத்தை ஊகித்துச் சொல்பவரைப் பார்த்தால், நாளை வாடிக்கையாளரிடமும் இப்படித்தான் ஊகித்துச் சொல்வாரோ என்று தோன்றும்.

நடப்புச் செய்திக்கு அதிகம் அலைய வேண்டாம். ரிசர்வ் வங்கியின் கடைசி நிதிக் கொள்கை அறிவிப்பு, அன்றைய ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), அது ஏன் மாறியது அல்லது மாறவில்லை, நேர்காணலுக்கு முந்தைய வாரத்துப் பொருளாதாரச் செய்திகள். அது போதும்.

ஒன்றை மட்டும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். "பீகாரில் ஒரு கிராமக் கிளைக்குப் போடுகிறோம், போவீர்களா?" பி.ஓ. வேலை இந்தியா முழுவதற்குமானது. போவேன் என்று வாய் சொல்லும்போது முகம் வாடினால் தெரிந்துவிடும். பெண் என்பதால் திருமணம் பற்றியும் சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்டால், "இடமாற்றம் உள்ள வேலை என்று வீட்டில் பேசி முடிவு செய்துதான் வந்திருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதைச் சொல்வதற்கு முன் உண்மையிலேயே வீட்டில் பேசியிருக்க வேண்டும்.

உடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பருத்திச் சேலையோ சுடிதாரோ, எது உடம்புக்குப் பழகியதோ அது. புதிதாக வாங்கினால் ஒருநாள் வீட்டில் கட்டி நடமாடிப் பாருங்கள். முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். உங்கள் முறை வரப் பல மணி நேரம் ஆகலாம், சாப்பாடு கையில் இருக்கட்டும்.

கடைசியாகச் சான்றிதழ். நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகள் இதில் கண்ணீரோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஓ.பி.சி. என்று விண்ணப்பித்திருந்தால், பள்ளிக்காலத்தில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில், வரவில்லை என்ற வாசகத்தோடு, அறிவிப்பில் சொன்ன தேதி வரம்புக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் ஆர்.ஐ., தாசில்தார் என்று நாள் பிடிக்கும். அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். பட்டப்படிப்பில் சி.ஜி.பி.ஏ. என்றால் அதைச் சதவீதமாக மாற்றும் முறைக்குப் பல்கலைக்கழகத்தின் சான்று வேண்டும். அப்புறம் இனிஷியல். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, அழைப்புக் கடிதத்தில் வேறு மாதிரி என்று நம் ஊரில் சர்வசாதாரணமாக இருக்கும். அழைப்புக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், பெயர் பொருந்துகிற வேறு அடையாள அட்டை, பான் கார்டோ பாஸ்போர்ட்டோ, கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லை என்றால் நாளைக்கே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.